பயன் கணக்கு

சென்னை நகரில் தர்ம ஸ்தாபனங்களுக்குப் பஞ்சமில்லை. மயிலாப்பூரில் ஒரு வீதியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி போவதற்குள் நாலைந்து சங்கங்களின் பெயர்ப்பலகைகளைப் படித்துவிடலாம். தியாகராய நகரிலும் அடையாற்றிலும் இதே நிலைமைதான். ஏழைப் பிள்ளைகளுக்கு மாலைப் பள்ளி, அநாதைக் குழந்தைகளுக்கு விடுதி, முதியோருக்கு இல்லம், நோயாளிகளுக்கு இலவச மருந்து என்று தொண்டின் துறைகள் பல. வருஷத்துக்கு ஒருமுறை ஆண்டு விழா நடைபெறுகிறது. காரியதரிசி அறிக்கை வாசிக்கிறார். பொக்கிஷதார் வரவு செலவைச் சமர்ப்பிக்கிறார். தலைமை வகித்தவர் பாராட்டுகிறார். வந்தனோபசாரத்துடன் கூட்டம் இனிது முடிகிறது. எல்லோரும் திருப்தியுடன் வீடு திரும்புகின்றனர்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுவதேயில்லை. இந்த ஸ்தாபனம் இருந்ததனால் யாருடைய வாழ்க்கையில் என்ன மாறிற்று என்பதே அந்தக் கேள்வி. எத்தனை பேருக்குச் சோறு போட்டோம், எத்தனை நோட்டுப் புத்தகம் கொடுத்தோம், எத்தனை முகாம் நடத்தினோம் என்பவற்றுக்கெல்லாம் அறிக்கையில் எண்கள் உண்டு. நோட்டுப் புத்தகம் பெற்ற பையன் படிக்கக் கற்றுக்கொண்டானா என்பதற்கு எண் இல்லை. வரவு செலவுக் கணக்கு இருக்கிறது; பயன் கணக்கு இல்லை. இந்தக் குறையைத் தீர்க்கும் வழியை நமது தர்ம ஸ்தாபனத் தலைவர்களுக்கு முறையாகக் கற்பிக்கவேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே நமது அபிப்பிராயம்.

காலம் வந்துவிட்டது என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2013-ஆம் வருஷக் கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் 100-க்கு 2 பங்கைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடவேண்டும் என்று விதித்தது. 2014 ஏப்ரல் முதல் இது அமலுக்கு வந்தது. முன்பு தெருவாசிகளின் சந்தாவிலும் சில செல்வர்களின் நன்கொடையிலும் நடந்த சங்கங்கள், இன்று கம்பெனிப் பணத்தை நாடி நிற்கின்றன. 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிகளோ, பெரிய கம்பெனிகள் 1 கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டங்களின் பயனைச் சுயேச்சையான ஒரு நிறுவனத்தைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்கின்றன. 2022-ல் பங்குச் சந்தைகளிலேயே சமூக ஸ்தாபனங்களுக்கென்று ஒரு தனிப் பகுதி வகுக்கப்பட்டது. அதில் இடம் பெறும் ஸ்தாபனம் வருஷந்தோறும் தன் தொண்டின் பயனைப் பற்றி அறிக்கை வெளியிட வேண்டும். ஆகவே, பயனைக் காட்டு என்று கேட்பவர்கள் இன்று வாசலிலேயே வந்து நிற்கின்றனர். பதில் சொல்லத் தெரியாத சங்கம் பணத்தை இழக்கும். பொய்யான பதில் சொல்லத் தெரிந்துகொண்ட சங்கம் மானத்தை இழக்கும். இவ்விரண்டில் இரண்டாவதே பெரிய நஷ்டம் என்று நாம் கருதுகிறோம்.

நியாய ஸ்தலத்தில் ஒரு வழக்கு எப்படி நடக்கிறது? வாதி தன் கட்சியைச் சொல்லுகிறான். அவன் சொன்னதனாலேயே அது உண்மையாகிவிடாது. ருசு வேண்டும், சாட்சி வேண்டும், அந்தச் சாட்சி குறுக்கு விசாரணையிலும் நிலைக்க வேண்டும். நமது ஆண்டறிக்கைகளின் நிலைமையோ வேறு. எழுதுபவரும் அவரே, சாட்சியும் அவரே, தீர்ப்பு வழங்கிக் கைதட்டுபவர்களும் அவருடைய நண்பர்களே. கணக்குத் தணிக்கை இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். தணிக்கையாளர் பார்ப்பது ரசீதை. அரிசி வாங்கிய பணம் அரிசிக்கே போயிற்றா என்பதை. அந்த அரிசி யாருடைய பசியைத் தீர்த்தது, பசி தீர்ந்தவன் பிறகு என்ன ஆனான் என்பது அவருடைய விசாரணைக்கு உட்பட்டதன்று. திருட்டு இல்லை என்று அவர் சான்று தரலாம். வீண் இல்லை என்று அவரால் சான்று தர இயலாது.

இந்தக் கேள்வி மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான புதுச் சரக்கு என்று எண்ணுவது தவறு. நமது முன்னோடிகளுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. சகோதரி சுப்பலட்சுமி 1912-ஐ ஒட்டிச் சென்னையில் பால்ய விதவைகளுக்காக விடுதி நடத்தத் தொடங்கினார். அவர்களுக்குச் சோறும் துணியும் கொடுத்து ஒரு மூலையில் வைத்திருப்பது அவருடைய நோக்கமன்று. அவர்கள் படித்து, பயிற்சி பெற்று, ஆசிரியைகளாகத் தங்கள் காலில் நிற்கவேண்டும் என்பதே நோக்கம். அந்த விடுதிக்கு அளவுகோல், உள்ளே எத்தனை பேர் இருந்தனர் என்பதன்று. வெளியே எத்தனை பேர் நிமிர்ந்து சென்றனர் என்பதே.

காந்தியடிகளின் உதாரணம் இன்னும் தெளிவானது. 1925-ல் தோன்றிய அகில இந்திய சர்க்கா சங்கம் கதர் உற்பத்தியையும் விற்பனையையும் ஓயாமல் கணக்கிட்டு வந்தது. கதர் மலிவாக விற்றால் விற்பனை பெருகும். எண்கள் அழகாக இருக்கும். 1935-ல் காந்தியடிகள் அந்த எண்ணை விட்டு வேறோர் எண்ணைக் கேட்டார். நூற்கும் ஏழைப் பெண்ணுக்கு நாள் முழுதும் உழைத்தால் கிடைக்கும் கூலி என்ன, அது அவள் வயிற்றுக்குப் போதுமா என்பதே அது. கூலி உயர்ந்தால் கதர் விலை ஏறும், விற்பனை குறையும் என்று எச்சரித்தவர்கள் உண்டு. இருந்தும் ஜீவனக் கூலிக் கொள்கையைச் சங்கம் அவ்வருஷம் ஏற்றது. எதை அளப்பது என்று தீர்மானிப்பதே, எதற்காக நாம் இருக்கிறோம் என்று தீர்மானிப்பதாகும். இது குமாஸ்தாவின் வேலையன்று, தலைவனின் வேலை.

அடையாற்றிலேயே இதற்கு உயர்ந்ததோர் உதாரணம் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தில் பிறந்த உறுதியால் முயன்று, மாதர் இந்திய சங்கத்தின் சார்பில் 1954-ல் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கச் செய்தார். தொடக்கத்தில் அதில் 12 படுக்கைகளே. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-ல் காலமான டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தனர். படுக்கைகள் பெருகின என்று எழுதி அவர்கள் திருப்தி அடைந்திருக்கலாம். ஆனால் புற்றுநோய்ச் சிகிச்சையில் படுக்கையின் எண்ணிக்கை எதையும் நிரூபிப்பதில்லை. ஐந்து வருஷம் கழித்து நோயாளி உயிருடன் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. திரும்பி வருபவர்களை மட்டும் எண்ணினால், பிழைத்தவர்களையே எண்ணியதாகும். வராமல் போனவர்களிடமே உண்மை ஒளிந்திருக்கிறது. அவர்களைத் தேடிப் போகவேண்டும். 1981-ல் அந்த ஸ்தாபனத்தில் அமைந்த சென்னை மாநகரப் புற்றுநோய்ப் பதிவேடு, இந்த நகரத்தில் யாருக்கு எந்த உறுப்பில் இந்நோய் வருகிறது என்பதை வருஷந்தோறும் திரட்டத் தொடங்கிற்று. தன் வாசலுக்கு வராத நோயாளியையும் கணக்கில் சேர்த்த ஸ்தாபனம் அது. கசப்பான எண்ணையும் எழுதி வைக்கும் துணிவே அதன் பெருமைக்கு ஒரு காரணம்.

ஒழுங்காக அளந்தால் நாம் எதிர்பாராத பாடங்களும் கிடைக்கும். ராஜஸ்தானத்தில் உதயபுரியைச் சேர்ந்த சேவா மந்திர் என்ற தொண்டு ஸ்தாபனம் கிராமக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட முயன்றது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலிய அறிஞர்கள் 134 கிராமங்களில் அதைப் பரீட்சித்தனர். சில கிராமங்களில் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. சிலவற்றில் மாதந்தோறும் தவறாமல் முகாம் நடத்தினர். வேறு சிலவற்றில் முகாமுக்கு வரும் தாய்க்கு 1 கிலோ பருப்பும், ஊசிகள் யாவும் முடிந்தால் தட்டுகளும் கொடுத்தனர். முடிவில், முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் முதல் வகைக் கிராமங்களில் 100-க்கு 6, இரண்டாவதில் 18, மூன்றாவதில் 39. ஊசிக்குப் பருப்பு லஞ்சமா, இது வீண் செலவு என்று நம்மில் பலர் சொல்லியிருப்போம். ஆனால் கணக்குப் பார்த்தபோது, பருப்புக் கொடுத்த கிராமங்களில்தான் ஒரு குழந்தைக்கு ஆன செலவு ஏறக்குறைய பாதியாயிற்று. பத்துக் குழந்தைகள் வந்தாலும் நாற்பது குழந்தைகள் வந்தாலும் முகாமில் உட்கார்ந்திருக்கும் நர்ஸுக்குச் சம்பளம் ஒன்றுதானே! 2010-ல் வெளியான இந்த ஆராய்ச்சியின் முடிவை, அளக்காமல் ஊகத்தினால் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அந்த அறிஞர்கள் சேர்ந்த வறுமை ஒழிப்பு ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் தெற்காசியக் கிளை 2007-ல் அமைந்தது வேறெங்குமன்று, நமது சென்னையில். பானர்ஜியும் டூஃப்லோவும், மைக்கேல் கிரேமருடன் சேர்ந்து, 2019-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றபோது நாம் பெருமிதம் கொண்டோம். தமிழ்நாட்டுச் சர்க்கார் 2014-லேயே அந்த ஸ்தாபனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. சர்க்கார் பயன்படுத்திக்கொண்ட இந்த அறிவு, மயிலாப்பூர் மாலைப் பள்ளியின் காரியதரிசிக்கு எட்டவில்லை என்றால் குற்றம் யாருடையது? 134 கிராமங்களில் பரீட்சை நடத்த அவரால் ஆகாது, நடத்தவும் வேண்டாம். ஆனால் அந்தப் பரீட்சையின் பின்னுள்ள கேள்வி அவருக்கும் உரியது. நாம் இதைச் செய்யாமலே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதே அக்கேள்வி.

தலைவர்களுக்கு இதைக் கற்பிக்க முடியுமா என்ற சந்தேகத்துக்கு மதுரை பதில் சொல்லுகிறது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி ஓய்வு பெற்றபின் 1976-ல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை அறியாதார் இல்லை. 1992-ல் அதனுடன் ஒரு பயிற்சி ஸ்தாபனமும் அமைக்கப்பட்டது. இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் உள்ள மற்றத் தர்மக் கண் ஆஸ்பத்திரிகளின் தலைவர்கள் அங்கே வருகின்றனர். முதலில் பயிற்சியாளர்கள் அந்த ஆஸ்பத்திரிக்கே சென்று நிலைமையைப் பார்க்கின்றனர். பிறகு தலைவர், முக்கிய டாக்டர், நிர்வாகி எல்லோரும் ஒன்றாக மதுரைக்கு வந்து, தங்கள் சொந்த எண்களை மேஜைமீது வைத்து ஆராய்கின்றனர். ஒரு டாக்டர் வருஷத்துக்கு எத்தனை அறுவை செய்கிறார், முகாமில் கண்டறிந்த நோயாளிகளில் எத்தனை பேர் உண்மையில் ஆஸ்பத்திரிக்கு வந்தனர், அறுவைக்குப்பின் அந்தக் கண் எவ்வளவு தூரம் பார்க்கிறது என்று கேள்விகள் எழுகின்றன. பதில்களிலிருந்து அவர்களே ஒரு திட்டம் வகுத்துக்கொண்டு ஊர் திரும்புகின்றனர். அதன்பின்பும் பயிற்சியாளர்கள் போய்ப் பார்க்கின்றனர். இங்கே கவனிக்கவேண்டியது மூன்று. பயிற்சி ஒருவருக்கன்று, சேர்ந்து வேலை செய்பவர்களுக்கு. பாடப் புத்தகத்தின் எண்களைக் கொண்டன்று, அவர்களுடைய சொந்த எண்களைக் கொண்டு. ஒருநாள் சொற்பொழிவன்று, மீண்டும் வந்து பார்க்கும் ஏற்பாடு.

அளப்பதில் அபாயம் இல்லையா? உண்டு, அதை மறைப்பது யோக்கியமாகாது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே வருஷத்தில், நமது நாட்டில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. மேலேயிருந்து இலக்கு வந்தது. கீழேயுள்ள உத்தியோகஸ்தர்கள் இலக்கை நிறைவேற்ற ஏழைகளை வேட்டையாடினர். எண் வென்றது, மனிதன் தோற்றான். குடும்ப நலத்துறையில் இலக்கு முறையைச் சர்க்கார் நாடு முழுவதும் கைவிட 1996 ஆயிற்று. ஆகையால், மேலிருப்பவன் கீழிருப்பவனைத் தண்டிக்க அளப்பது வேறு. தொண்டு செய்பவன் தன் தவற்றை அறிய அளப்பது வேறு. முன்னது சாட்டை, பின்னது விளக்கு. இன்று கம்பெனிகளின் பாரங்களைக் கண்டு நமது சங்கங்கள் நடுங்குவது, விளக்கைச் சாட்டை என்று எண்ணுவதனால் மட்டுமன்று. அது பல சமயங்களில் சாட்டையாகவே வருகிறது. திட்டம் முடிந்து ஒரு வருஷமாவது கழிந்தபின், வெளியாள் ஒருவர் வந்து எழுதும் மதிப்பீடு சட்டத்தைத் திருப்தி செய்யலாம். சென்ற வருஷத்துப் பையனை அது படிக்க வைக்காது.

இரண்டு ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லவேண்டும். முதலாவது, தொண்டு என்பது அன்பின் காரியம், அதைத் தராசில் நிறுத்தலாகாது என்பது. அன்பை நிறுக்க நாம் சொல்லவில்லை. தாய்க்குக் குழந்தைமீதுள்ள அன்பை யாரும் அளப்பதில்லை. ஆனால் குழந்தையின் எடை ஏறவில்லை என்றால் முதலில் பதறுபவள் அவளே. தான் செய்வது பயன்படுகிறதா என்று கவலைப்படாத அன்பு, பிறர்மீதுள்ள அன்பன்று. தன் பெயர்மீதுள்ள அன்பு.

இரண்டாவது ஆட்சேபம் நியாயமானது. அளப்பதற்குப் பணம் ஏது, ஆள் ஏது என்று சிறு சங்கங்கள் கேட்கின்றன. தானம் செய்பவர்கள் தங்கள் பணம் முழுவதும் சோறாகவும் புத்தகமாகவுமே போகவேண்டும் என்கின்றனர்; ஒரு குமாஸ்தாவின் சம்பளத்தை வீண் செலவென்று எண்ணுகின்றனர். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு இருந்த 100-க்கு 50 என்ற வரம்பை 2020-ஆம் வருஷத் திருத்தச் சட்டம் 20 ஆகக் குறைத்தது. ஒரு கையால் கணக்கைக் கேட்டு, மறு கையால் கணக்கெழுதும் பேனாவைப் பிடுங்கும் செய்கை இது. பயன் கணக்கைக் கேட்கிறவன் அதன் செலவையும் கொடுக்கவேண்டும். இதைக் கம்பெனிகளும் செல்வர்களும் உணராதவரையில், எண்களுக்குப் பதில் கதைகளே அவர்களுக்குக் கிடைக்கும்.

ஆயினும் சிறு சங்கம் செய்யக்கூடியது எவ்வளவோ உண்டு. மயிலாப்பூரில் ஒரு மாலைப் பள்ளியில் நாற்பது பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிரதம் என்ற ஸ்தாபனம் 2005 முதல் நாடெங்கும் கிராமப் பிள்ளைகளின் படிப்பைச் சோதிக்கப் பயன்படுத்திய முறை மிக எளியது. எழுத்து, சொல், சிறு பத்தி, சிறு கதை ஆகியவை அச்சிட்ட தாள். அதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லவேண்டும். ஒரு பிள்ளைக்குச் சில நிமிஷங்கள் போதும். ஜூன் மாதம் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை சோதித்து ஒரு நோட்டில் எழுதினால், காரியதரிசி ஆண்டு விழாவில் நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஓர் உண்மை கையில் இருக்கும். பாதியில் நின்றுவிட்ட பிள்ளைகளின் பெயர்களும் அதே நோட்டில் இருக்கவேண்டும். அவர்களை விட்டுவிட்டு எடுக்கும் சராசரி, தோற்ற வழக்குகளை மறைத்து வெற்றி முழக்கும் வக்கீலின் பெருமையை ஒத்தது.

இதற்கு நாம் கூறும் யோசனை இதுவே. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய மூன்று பகுதிகளிலும் உள்ள சங்கங்களில் பத்துப் பன்னிரண்டு ஒன்றுசேர்ந்து, மதுரை முறையைப் பின்பற்றி ஒரு பயிற்சி வட்டம் அமைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு சங்கத்திலிருந்தும் தலைவர், காரியதரிசி, நேரில் வேலை செய்யும் ஒருவர் என மூவர் வரவேண்டும். யாருக்காக இருக்கிறோம், அவர் வாழ்வில் எந்த மாறுதலை நாடுகிறோம், அது நிகழ்ந்ததை எந்த அடையாளத்தால் அறிவோம், நாம் இல்லாவிட்டாலும் அது நிகழ்ந்திருக்குமா என்ற நான்கு கேள்விகளுக்கு அவர்கள் ஒரு பக்கத்தில் பதில் எழுதட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடி, மயிலாப்பூர்க் காரியதரிசி அடையாற்றின் நோட்டையும், அடையாற்றுக்காரர் தியாகராய நகரின் நோட்டையும் குறுக்கு விசாரணை செய்யட்டும். எண்களைத் தொகுக்க எல்லோருக்கும் பொதுவாக ஒரு குமாஸ்தாவை வைத்துக்கொள்ளலாம். 1952 முதல் சமூக சேவைக் கல்வி அளித்துவரும் சென்னைக் கல்லூரியும், மற்றக் கல்லூரிகளும் தங்கள் மாணவர்களை இதற்கு அனுப்பி உதவலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வோர் ஆண்டறிக்கையிலும், இவ்வருஷம் நாம் செய்து பலிக்காதவை என்று ஒரு பகுதி கட்டாயம் இருக்கவேண்டும். அந்தப் பகுதியைப் படித்துப் பணத்தை நிறுத்தும் தனவான், உண்மையைத் தண்டிக்கிறார். கொடையை அதிகப்படுத்துபவரே தர்மத்தை வளர்ப்பவர்.

சுதந்திர நாட்டில் தர்ம ஸ்தாபனங்கள் சர்க்காருக்கு வெளியே ஜனங்கள் தாமாகச் செய்யும் ராஜ்ய காரியம். சர்க்காரிடம் நாம் ஒவ்வொரு நாளும் கணக்குக் கேட்கிறோம்; கேட்பது நமது உரிமை. அதே கேள்வியை நம்மை நாமே கேட்டுக்கொள்ளாவிட்டால், சர்க்காரைக் கேட்கும் யோக்கியதை நமக்கு நெடுநாள் இராது. பணம் கொடுத்தவனுக்குக் கணக்குக் காட்டினால் சட்டம் திருப்தியடையும். ஆனால் மாலைப் பள்ளியின் கடைசி வரிசையில், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். முதலில் கணக்குக் காட்டவேண்டியது அவனுக்கே. அவன் கேட்கமாட்டான், கேட்கத் தெரியாது. அவனுக்காக நாம் கேட்கவேண்டும். அடுத்த ஆண்டு விழாவில் இந்தப் பத்திரிகையை வாசிப்பவர் ஒருவரேனும் எழுந்து நின்று, எத்தனை பிள்ளைகள் படிக்கக் கற்றனர் என்று மரியாதையுடன் வினவுவாரானால், நாம் இதை எழுதியது வீணாகாது.